சாட்சியின் பயணச் செலவு யார் கையிலிருந்து?

வெளிநாட்டு விசாரணைகளுக்குச் சாட்சிகளை அழைத்துச் செல்ல முன்வந்திருக்கும் தமிழ்ச் சட்டத்தரணிகளுக்கும் தொண்டர்களுக்கும்,



2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 46/1 தீர்மானத்தை நிறைவேற்றியது. இலங்கையில் நடந்த குற்றங்களுக்கான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பு மனித உரிமைகள் உயர் ஆணையர் அலுவலகத்திடம் போனது. பிற நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு நடக்குமானால் அதற்குத் துணைநிற்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். அப்படி ஒரு வழக்கு வரும் நாளை எண்ணி வாக்குமூலங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் நீங்கள். அதற்காகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

வாக்குமூலம் எடுப்பது எப்படி என்று நிறையப் பேசுகிறோம். வாக்குமூலம் கொடுத்தவர் ஒருநாள் விமானம் ஏறி, நீதிபதி முன் அமர்ந்து, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கேள்விகளுக்கு முகம் கொடுத்து, பத்திரமாக வீடு திரும்புவது எப்படி என்று யாரும் பேசுவதில்லை. விசா, விமானச்சீட்டு, சாப்பாட்டுச் செலவு, இழந்த கூலி எல்லாம் எழுதுவினைஞர் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் பன்னாட்டு நீதிமன்றங்களில் சாட்சியம் ஆட்டம் கண்ட இடங்களைத் தேடிப் பார்த்தால், அவற்றில் பல இந்த வேலையில்தான் இருக்கின்றன.

நான் கேட்பது இது: சாட்சியம் சொல்வதற்கென்று உங்கள் கையால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவருக்குச் சேரவேண்டிய ஒவ்வொரு சதத்தையும் நீதிமன்றத்திடம் கேட்டு வாங்கிக் கொடுக்காமல் ஓயாதீர்கள். இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். முதலாவதை மட்டும் செய்தால் சாட்சி கடனாளியாவார். இரண்டாவதை விட்டுவிட்டு நீங்களே பணம் கொடுத்தால் அவர் சொல் மதிப்பிழந்துபோகும்.

சார்ள்ஸ் டெய்லர் வழக்கைப் பாருங்கள். லைபீரியாவின் முன்னாள் ஜனாதிபதியான அவர் மீது வழக்குத் தொடுத்தது ஃப்ரீடவுனில் இருந்த சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம். அவரை அங்கேயே வைத்து விசாரித்தால் மேற்கு ஆப்பிரிக்காவில் மறுபடியும் கலவரம் மூளலாம் என்ற அச்சத்தில், 2006 ஜூனில் பாதுகாப்புச் சபை 1688ஆம் தீர்மானத்தின் மூலம் விசாரணையை நெதர்லாந்தின் ஹேக் நகருக்கு மாற்ற வழிசெய்தது. குற்றம்சாட்டப்பட்டவர் ஒருவர் இடம் மாறினார். அந்த ஒரு முடிவால், பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து சாட்சி சொல்லியிருக்கக்கூடியவர்கள் கண்டம் தாண்ட வேண்டியதாயிற்று. வழக்குத்தொடுநர் தரப்பில் 94 பேர், எதிர்த்தரப்பில் 21 பேர் சாட்சி சொன்னார்கள். கை வெட்டப்பட்டவர்களும், சிறுவயதில் துப்பாக்கி கொடுக்கப்பட்டவர்களும், கணவனை இழந்த பெண்களும் அவர்களில் இருந்தார்கள்.

அந்த நீதிமன்றத்தில் சாட்சிகளுக்குப் பணம் இரண்டு வழியாகப் போனது. பதிவாளர் அலுவலகத்தின் கீழிருந்த சாட்சிப் பிரிவு ஒன்று. மற்றது வழக்குத்தொடுநர் அலுவலகம். சாட்சியாகக்கூடியவர்களின் பாதுகாப்புக்கும் உதவிக்கும் செலவிட விதி 39 அதற்கு அதிகாரம் தந்திருந்தது. போக்குவரத்து, சாப்பாடு, இழந்த கூலி, மருந்து, தொலைபேசி அட்டை என்று சின்னச் சின்னச் செலவுகள். எதிர்த்தரப்பு அந்தக் கணக்கை வாங்கி, குறுக்கு விசாரணையில் சாட்சிகளின் முகத்துக்கு நேரே வாசித்துக் கேட்டது. இந்தத் தேதியில் இவ்வளவு வாங்கினீர்களா, எதற்கு வாங்கினீர்கள், அதற்குப் பிறகுதானே இந்தச் செய்தியைச் சொன்னீர்கள்? தன் பிள்ளை எப்படிச் செத்தான் என்று சொல்ல வந்த ஒருவரிடம், அதைச் சொல்ல எவ்வளவு வாங்கினாய் என்று கேட்பதற்குச் சமம் இது. ஆனாலும் எதிர்த்தரப்பு அப்படிக் கேட்பது அதன் உரிமை. அதைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது.

பணம் பெற்றார் என்பதற்காக மட்டும் நீதிபதிகள் யாரையும் ஒதுக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடைபோட்டார்கள். 2012 ஏப்ரலில் டெய்லர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 50 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தச் சாட்சியங்கள் குறுக்கு விசாரணையைத் தாங்கியதற்கு, செலவுகள் எழுத்தில் இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கணக்கு இருந்ததால் கேள்வி வந்தது. அதே கணக்கு இருந்ததால் பதிலும் இருந்தது. எழுதாமல் கொடுத்த பணம் வெளியே வந்திருந்தால், சாட்சிக்குச் சொல்ல என்ன இருந்திருக்கும்?

கணக்கில்லாப் பணம் என்ன செய்யும் என்பதற்குப் பெம்பா வழக்கு இருக்கிறது. கொங்கோ அரசியல்வாதி ழான்-பியேர் பெம்பாவுக்காகச் சாட்சி சொன்ன 14 பேரைப் பணத்தாலும் சொல்லிக்கொடுத்தும் கெடுத்தது தொடர்பாக, 2016 அக்டோபரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஐந்து பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அவர்களில் பெம்பாவின் முதன்மைச் சட்டத்தரணியும் ஒருவர். பணம் நியாயமான செலவுகளுக்காகக் கொடுத்ததுதான் என்ற வாதம் அங்கும் எழுந்தது. ஆனால் சாட்சி சொல்வதற்குச் சற்று முன்னால், பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாக, சில வேளை சாட்சியின் குடும்பத்தார் பெயருக்கு, நீதிமன்றத்தின் சாட்சிப் பிரிவுக்குத் தெரியாமல் போன பணம் அது. அதே சாட்சிகளின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் நீதிமன்றமே செலவு செய்துகொண்டிருந்தது. அந்தப் பிரிவு வழக்குத்தொடுநருக்கும் எதிர்த்தரப்புக்கும் பொதுவானது. அப்படியிருக்க, தனியாகப் பணம் போனது ஏன் என்ற கேள்விக்கு நல்ல பதில் இருக்க முடியாது.

நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆகவே கொங்கோ ஆயுதக் குழுத் தலைவர் லுபாங்கா மீதான வழக்கையும் சொல்கிறேன். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் வழக்கு அது. 2009 ஜனவரியில் முதல் சாட்சியாக வந்தவர் முன்னாள் சிறுவர் போராளி. முதல் நாளே, தான் சொன்னது உண்மையல்ல, ஒரு தொண்டு அமைப்பின் ஆட்கள் சொல்லித்தந்தது என்று கூறிவிட்டார். சில நாட்கள் கழித்து மறுபடி வந்து சாட்சியம் சொன்னார். ஆனால் 2012 தீர்ப்பில் நீதிபதிகள், சிறுவர் போராளிகள் என்று வந்த சாட்சிகளில் பலரின் சொல்லை நம்ப முடியவில்லை என்றார்கள். புலனாய்வு வேலையை இடையாட்களிடம் விட்டது தவறு என்று வழக்குத்தொடுநரைக் கண்டித்தார்கள். லுபாங்கா மற்ற ஆதாரங்களால் தண்டிக்கப்பட்டார். அந்தப் பிள்ளைகளில் உண்மை சொன்னவர்களின் சொல்லும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து அடிபட்டுப்போனது. இடையாட்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஊரில் நம்பிக்கை பெற்ற, மொழி தெரிந்த, கதவைத் தட்டினால் திறக்கப்படக்கூடிய உள்ளூர் ஆட்கள் அவர்கள். உங்கள் இடமும் அதுதான். அதனாலேயே இதை உங்களிடம் சொல்கிறேன்.

நம் வழக்கம் வேறு. வீட்டுக்கு வந்தவரின் பயணச் செலவைக் கையில் திணித்து அனுப்புவோம். துயரம் சொன்ன தாயிடமிருந்து வெறும் கையோடு எழுந்து வர நமக்கு மனம் வராது. டொரன்டோவிலோ சூரிச்சிலோ உள்ள ஊர்ச் சங்கம் கூரை போட்டுக் கொடுக்கும், பிள்ளையின் பள்ளிச் செலவை ஏற்கும். இந்த உதவிகளை நிறுத்தச் சொல்லவில்லை. வாக்குமூலத்துக்கு முன்பே நடந்துவரும் உதவி அப்படியே நடக்கட்டும். சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டதால் கூட்டவும் வேண்டாம், பயந்து குறைக்கவும் வேண்டாம். எப்போது தொடங்கியது, எவ்வளவு, யார் வழியாக என்பதை எழுதி வைத்து, விசாரிக்கும் அதிகாரியிடம் முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள். உதவி செய்பவரும் வாக்குமூலம் எடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. ஊரில் ஆள் பற்றாக்குறை என்று தெரியும். தெரிந்தும் இதில் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

இனி, கேட்டு வாங்க வேண்டியவை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலக ஒழுங்குவிதிகள் இந்த விடயத்தில் தாராளமானவை. பயணம், தங்குமிடம், உணவு போக, ஹேக்கில் இருக்கும் நாட்களுக்குச் சில்லறைச் செலவுப் படி உண்டு. இழந்த சம்பாத்தியத்துக்கும் நேரத்துக்கும் வருகைப் படி தனியாக உண்டு. வீட்டில் சாட்சியை நம்பியிருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவைக் கேட்கலாம். சாதாரணப் படியால் ஈடுகட்ட முடியாத இழப்பு நேர்ந்தால் அதற்கும் விண்ணப்பிக்கலாம். உடல்நிலையோ மனநிலையோ வேண்டினால் துணைக்கு ஒருவரை அழைத்துப்போகலாம். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் வருகைப் படி நாளுக்கு 40 டாலர் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பயணமும் தங்கும் செலவும் அதற்குப் புறம்பு. இந்தியாவில் சாட்சிக்கு நியாயமான செலவைக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தூரத்திலிருந்து வந்த சாட்சி தவணை போட்டுத் திருப்பி அனுப்பப்படுவதையும், பேட்டாகூடச் சரியாகக் கிடைக்காததையும் சுட்டி, 2000ஆம் ஆண்டில் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே வருந்தி எழுத வேண்டியிருந்தது. ஆகவே வழக்கு எந்த நாட்டில் வருகிறதோ அந்த நாட்டின் படி விதிகளை முதலில் வாசித்துவிடுங்கள். சாட்சியிடம் பேசும்போது இல்லாத தொகையைச் சொல்லிவிட்டால் பிறகு அதைத் திருத்துவது கடினம்.

விதியில் இருப்பது சாட்சியின் கைக்கு வராமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். செலவு செய்துவிட்டுப் பற்றுச்சீட்டைக் கொடுங்கள், பிறகு தருகிறோம் என்பார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. முல்லைத்தீவில் தோட்டக் கூலிக்குப் போகும் ஒரு பெண், கொழும்புக்குப் போய்வரும் செலவுக்கே தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டியிருக்கும். முற்பணமாகக் கேளுங்கள். பற்றுச்சீட்டு தராத ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் சாட்சியின் கையொப்பமோ கைநாட்டோ போதும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். இழந்த சம்பாத்தியத்தைக் கணக்கிடும்போது சம்பளச் சான்று கேட்பார்கள். மாடு வைத்திருப்பவருக்குச் சம்பளச் சான்று ஏது? எத்தனை மாடு, நாளுக்கு எவ்வளவு பால், யாருக்கு விற்கிறார், அவர் இல்லாத நாட்களில் கறந்து கொடுப்பவருக்கு என்ன கூலி என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அந்த இழப்பு காகிதத்தில் ஏறும். அதேபோல் நாளும் முக்கியம். வன்னியில் காலபோக அறுவடை தை, மாசியில் வரும். அந்த நேரத்தில் மூன்று வாரம் வெளிநாட்டுக்கு வா என்றால் ஒரு வருடச் சோற்றை விட்டுவிட்டு வா என்று பொருள். நீதிமன்றத்தின் நாள்காட்டி அசையாது என்று நாமே முடிவுகட்டிக்கொள்ள வேண்டாம். சாட்சிகளின் வரிசையை மாற்றுவது நீதிமன்றங்களில் வழமையாக நடப்பது.

ஒருவரை எல்லை கடந்து சாட்சிக்கு அழைக்கும்போது அந்த அழைப்பாணைக்கு உள்நாட்டில் இருக்கும் வலு இல்லை. வராவிட்டால் பிடித்துவர யாரும் வரமாட்டார்கள். விரும்பித்தான் வர வேண்டும். மனம் மாறினால் நின்றுவிடலாம் என்பதையும் சாட்சிக்குச் சொல்லிவிடுவது நேர்மை.

விரும்பினாலும் போக முடியாத நிலையும் வரும். ருவாண்டாவுக்கான தீர்ப்பாயம் தன்சானியாவின் அருஷா நகரில் இருந்தது. 2002 ஜூனில் ருவாண்டா அரசு தன் நாட்டிலிருந்து போகும் சாட்சிகளுக்குப் புதிய பயண ஆவணக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. சாட்சிகள் வந்துசேர முடியாமல் அருஷாவில் விசாரணைகள் தள்ளிவைக்கப்பட்டன. அன்றைய வழக்குத்தொடுநர் கார்லா டெல் பொன்தே விடயத்தைப் பாதுகாப்புச் சபை வரை கொண்டுபோனார். தீர்ப்பாயம் ருவாண்டாவின் ஆளும் தரப்பினர் செய்த குற்றங்களையும் விசாரிக்க முனைந்த காலம் அது. பயணச் சான்றிதழ் கொடுக்கும் அரசே விசாரணையை விரும்பாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நமக்கும் அதே நிலை. கடவுச்சீட்டு வாங்கப் பத்தரமுல்லைக்கோ வவுனியாவுக்கோ போய் நிற்கும் கிராமத்துப் பெண்ணை யாரேனும் கவனிப்பார்கள் என்ற பயம் வீண் பயம் அல்ல. வழக்கு நாள் குறித்த பிறகு விண்ணப்பித்தால், ஏன் போகிறீர்கள் என்ற கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருக்கும். ஒரு வருடத்துக்கு முன்பே, வேறு நூறு பேர் எடுப்பதுபோல் எடுத்து வைத்தால் கேள்வியே வராது. இதை நீதிமன்றம் செய்து தராது. வாக்குமூலம் எடுத்தவர்தான் சாட்சியிடம் பொறுமையாகச் சொல்லிவைக்க வேண்டும். ஊரில் இல்லாத நாட்களுக்கு அயலவரிடம் என்ன சொல்வது என்பதையும், அது பொய்யாக இல்லாமல் எப்படிச் சொல்வது என்பதையும், வீட்டில் யார் யாருக்கு உண்மை தெரியும் என்பதையும் சாட்சியே முடிவுசெய்யட்டும். நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் போய்த்தான் ஆக வேண்டுமா என்பதையும் கேளுங்கள். லைபீரியப் போர்க்குற்றங்களுக்காக அலியு கோசியா மீது சுவிட்சர்லாந்தின் பெலின்சோனாவில் நடந்த வழக்கில், கொரோனாவால் தள்ளிப்போன பிறகு 2021இல் லைபீரியாவிலிருந்து சாட்சிகள் அங்கே வரவழைக்கப்பட்டார்கள். அதே ஆண்டில் பின்லாந்தின் தாம்பரே நகர நீதிமன்றம், லைபீரியப் போர்க்குற்றங்களுக்காகவே நடந்த மசாக்குவா வழக்கில் வேறு முடிவெடுத்தது. நீதிபதிகளே லைபீரியாவுக்கும் சியரா லியோனுக்கும் போய் அங்கே சாட்சிகளைக் கேட்டார்கள். முதல் வழக்கில் தண்டனை, இரண்டாவதில் விடுதலை. முடிவு எப்படியாயினும், சாட்சியை நோக்கி நீதிமன்றம் நகரலாம் என்பது அங்கே நடந்து காட்டப்பட்டது. இலங்கையில் இன்றைக்கு வெளிநாட்டு நீதிபதிகளை உள்ளே விடுவார்களா என்றால் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் மூன்றாம் நாடு ஒன்றில், சாட்சிக்குக் கிட்டிய இடத்தில் கேட்கலாம் அல்லவா? காணொளியும் இருக்கிறது. திருகோணமலையில் 2006 ஜனவரி 2 அன்று கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் விடயத்தை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு 2008இல் வெளிநாட்டிலிருந்த சாட்சிகளைக் காணொளி வழியே கேட்கத் தொடங்கியது, பிறகு அது நிறுத்தப்பட்டது. 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லையென்று சந்தேகநபர்கள் 13 பேரையும் விடுவித்தது. நாட்டைவிட்டுப் போயிருந்த சாட்சிகள் அந்த நீதிமன்றத்தின் முன் வரவில்லை. யார் அவர்களைக் குறை சொல்ல முடியும்?

ஒரு வாக்குறுதியை மட்டும் எந்தச் சாட்சிக்கும் கொடுத்துவிடாதீர்கள். போனால் அங்கேயே இருந்துவிடலாம் என்று சொல்லாதீர்கள். ஆறுதலுக்காகக்கூடச் சொல்லாதீர்கள். 2011இல் கொங்கோச் சிறையிலிருந்து மூன்று பேர் ஹேக்குக்குச் சாட்சிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். சாட்சியத்துக்குப் பிறகு, திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று நெதர்லாந்தில் தஞ்சம் கேட்டார்கள். மூன்று ஆண்டுகள் நீதிமன்றத்தின் தடுப்புக் காவலிலேயே கழிந்தன. 2014 ஜூலையில் கொங்கோவுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கைதிகள், நம் சாட்சிகள் நிலை வேறு என்பது சரி. ஆனால் சாட்சியமும் தஞ்சமும் வேறு வேறு அலுவலகங்களின் வேறு வேறு முடிவுகள் என்பது எல்லோருக்கும் பொருந்தும். தஞ்சம் கேட்பது எந்த மனிதருக்கும் உள்ள உரிமை. அதைப் பற்றிக் கேட்டால் தனிச் சட்டத்தரணியிடம் அனுப்புங்கள். நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை, குறுக்கு விசாரணையில் விசாவுக்காகச் சொன்ன கதை என்று திரும்பி வரும்.

பயணத்துக்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டியது பாதுகாப்பு உறுதி. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனத்தின் 93ஆம் பிரிவின்படி, சாட்சியாக வருபவர் தன் நாட்டைவிட்டுப் புறப்படுவதற்கு முன்பு நடந்த எதற்காகவும் அந்த நீதிமன்றத்தால் வழக்குக்கோ காவலுக்கோ உள்ளாக்கப்பட மாட்டார் என்ற உறுதியை அது தரலாம். நாடு கடந்த திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான ஐ.நா.வின் பாலெர்மோ ஒப்பந்தத்தில் அத்தகைய காப்பு, இனித் தேவையில்லை என்று அறிவித்த பின் 15 நாட்கள் வரை நீடிக்கிறது. பழைய இயக்கத் தொடர்பு உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். சாட்சியாகப் போனவர் விமான நிலையத்திலேயே சந்தேகநபராக நிற்கக் கூடாது.

திரும்பி வருவதைப் பற்றித்தான் யாரும் திட்டமிடுவதில்லை. படித்தொகை முழுவதும் கடைசி நாளில் ஒரே கட்டாகக் கையில் வந்தால், அந்தப் பணம் ஊரில் தெரியும். குளிருக்கு வாங்கிய தடித்த கோட் வீட்டுக் கொடியில் காய்ந்தால் அதுவும் தெரியும். முக்கால்வாசியை வேலையிழப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் ஏற்ற சிறு சிறு தொகையாக, ஊர்ப் பணத்தில், சாட்சி சொல்லும் வழியில் தரச் சொல்லுங்கள். கோட்டை விடுதியிலேயே விட்டுவரலாமா என்று சாட்சியிடம் கேளுங்கள். அவருக்கு விருப்பமென்றால் கொண்டுவரட்டும். ஆபத்தைச் சொல்லிவிட்டுத் தீர்மானத்தை அவரிடம் விடுங்கள். சாட்சியம் முடிந்த மறுவாரமும், மூன்றாம் மாதமும், தீர்ப்பு வரும் நாளிலும் நீதிமன்றத்தின் சாட்சிப் பிரிவிலிருந்து யார் அவருடன் பேசுவார்கள், எந்த மொழியில், எந்த எண்ணில் என்று பயணத்துக்கு முன்பே பெயரோடு கேட்டு வாங்குங்கள். தீர்ப்பைச் சாட்சி வானொலியில் கேட்டு அறியும் நிலை வரக்கூடாது. விடுதலைத் தீர்ப்பு என்றால், அது வெளிவருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கைவசம் இருக்கும் வாக்குமூலக் கோப்பு ஒவ்வொன்றிலும் இன்று ஒரு தாள் கூட்டுங்கள். இந்தச் சாட்சியிடம் கடவுச்சீட்டு இருக்கிறதா, இவரை நம்பி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நாள் சம்பாத்தியம் என்ன, எந்த மாதம் புறப்பட முடியாது, என்ன மருந்து எடுக்கிறார், இதுவரை யாரிடமிருந்து என்ன உதவி பெற்றார். ஆறு கேள்விகளுக்கும் அவர் வாயால் சொன்ன பதிலை, தேதியோடு, அவர் மொழியிலேயே எழுதுங்கள். வழக்கு எந்த நாட்டில் வந்தாலும் அந்த நாட்டுச் சாட்சிப் பிரிவுக்கு முதலில் போக வேண்டியது அந்தத் தாள்.

தோழமையுடன்,
உங்களில் ஒருவர்